சம்பளம் குறைந்தால் ஜீவனாம்சமும் தானாகக் குறையுமா?

தெருவிளக்கு: இந்து திருமணச் சட்டம் 25-ஆவது பிரிவில், 2021-இல் மாதம் 20,000 ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் என்று உத்தரவு. அப்போது கணவர் சம்பளம் 80,000. இப்போது வேறு கம்பெனியில் 55,000. மனைவியும் 18,000 சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறார். உச்ச நீதிமன்றத்தின் 25 சதவீதக் கணக்குப்படி 13,750 தானே வருகிறது? இனி அதை மட்டும் கட்டினால் போதுமா?

கணக்குப்பிள்ளை: கேட்டது நியாயம். கல்யாண் டே சவுத்ரி வழக்கில் (2017) கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுப்பது சரியாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஏதோ ஒரு விகிதம் இல்லாவிட்டால் ஒரே வருமானத்துக்கு ஒரு கோர்ட்டில் 8,000, பக்கத்துக் கோர்ட்டில் 20,000 என்றுதான் போகும். வாதத் திறமையை வைத்து வயிற்றுப்பாட்டை முடிவு செய்வதைவிடக் கணக்கு எவ்வளவோ மேல்.

மன்றாடி: அந்தத் தீர்ப்பைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள் சார். கணவரின் நிகரச் சம்பளம் 95,527. உயர் நீதிமன்றம் 16,000-ஐ 23,000 ஆக்கியது, அது 25 சதவீதத்துக்குள்தான் வருகிறது. ஆனால் கணவர் மறுமணம் செய்து அந்தக் குடும்பத்தில் குழந்தையும் இருக்கிறது என்பதால், உச்ச நீதிமன்றம் அதை 20,000-ஆகக் குறைத்தது. வகுத்துப் பாருங்கள், 21 சதவீதம்தான். 25 சதவீதத்துக்கு எல்லாரும் காட்டுகிற வழக்கிலேயே அந்த விகிதம் நிற்கவில்லை!

2024 டிசம்பரில் வந்த பிரவீன் குமார் ஜெயின் தீர்ப்பையும் பாருங்கள். இருவரின் அந்தஸ்து, மனைவி மற்றும் பிள்ளைகளின் தேவை, வேலை, சொத்து, திருமண வாழ்வில் இருந்த வாழ்க்கைத் தரம், குடும்பத்துக்காக விட்ட வேலை, வழக்குச் செலவு, கணவரின் பொறுப்புகள் என்று எத்தனையோ அம்சங்களைப் பார்க்கச் சொல்கிறது. சூத்திரம் எதையும் அது தரவில்லை.

கணக்குப்பிள்ளை: 21 என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 25-இல் தொடங்கியதால்தான் எதற்காக, எவ்வளவு குறைந்தது என்று நம்மால் பார்க்க முடிகிறது. தொடக்கப் புள்ளியே இல்லாவிட்டால் அதுவும் தெரியாது.

மன்றாடி: எதில் 25 என்பதிலேயே சண்டை வரும். சம்பளம் 80,000. பி.எப்., வரி எல்லாம் சேர்த்து 6,000 பிடித்தம், மீதி 74,000. அதில் வீட்டுக் கடன் தவணை 22,000, சொசைட்டி லோன் 6,000, ஏலச்சீட்டு 5,000 கழித்துக் 'கையில் 41,000 தான் வருகிறது' என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். 74,000-இல் கால்வாசி 18,500, 41,000-இல் 10,250. சட்டப்படி கட்டாயமான பிடித்தத்தைக் கழிக்கலாம். சொத்து சேர்க்கக் கட்டும் தவணையையும் சீட்டையும் பொதுவாகக் கோர்ட் ஏற்காது. கடன் வாங்கி மனைவியின் பங்கைக் குறைப்பது பழைய வித்தை.

கோப்புக்கட்டு: விகிதச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு கேட்டதில் ஆபத்தான இடம் வேறு. உத்தரவு 20,000 என்றால், கோர்ட் மாற்றும்வரை 20,000-தான். தானாக 13,750 கட்டினால் மாதம் 6,250 நிலுவை ஏறும்.

அதே 25-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அதாவது 25(2)-இன் கீழ் சூழ்நிலை மாறிவிட்டது என்று, உத்தரவு போட்ட அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். ஜனவரியில் சம்பளம் குறைந்தும் மனு அக்டோபரில்தான் போட்டால், பெரும்பாலும் அந்த ஒன்பது மாதத்துக்கும் பழைய தொகைதான். முழுதாக நிறுத்திவிட்டவருக்கு 1,80,000 நிலுவை நிற்கும்.

மனுவோடு சொத்து, வருமானம், பொறுப்புப் பிரமாணப் பத்திரமும் வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா (4.11.2020) தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்புமே தாக்கல் செய்தாக வேண்டும். பழைய கம்பெனியின் விடுவிப்புக் கடிதம், இரண்டு கம்பெனியின் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் இணையுங்கள். பத்திரத்தில் விட்டுப்போன கணக்கு ஒன்று எதிர்த்தரப்புக்குக் கிடைத்தால் மீதிப் பக்கங்களையும் நம்ப மாட்டார்கள்.

மன்றாடி: இன்னொன்று. சம்பளம் ஏன் குறைந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஆட்குறைப்பு என்றால் கடிதம் இருக்கும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இரக்கம் கிடைக்காது. உடல் வலு உள்ளவர் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்பது அஞ்சு கார்க் வழக்கில் (2022) சொன்னது. மனைவியின் 18,000-ஐயும் பெரிதாக நம்பாதீர்கள். கொஞ்சம் சம்பாதிப்பதாலேயே உரிமை போகாது என்று சுனிதா கச்வாஹா வழக்கிலேயே (2014) முடிவாகிவிட்டது. தொகையைக் குறைக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை: அதே நியாயம் மறுபக்கமும் வேண்டும். வேலை கிடைத்ததை மறைத்துப் பழைய தொகையை வாங்குவதும் தவறுதான். பிரமாணப் பத்திரம் இருவருக்கும் பொது.

மன்றாடி: அதில் மறுப்பில்லை. அப்படியே விலைவாசியையும் சேர்த்துப் பேசுங்கள். 2021-இல் போட்ட 20,000 இன்றைக்கும் 20,000 தான். ராக்கி சாதுகான் வழக்கில் (2025) உச்ச நீதிமன்றம் 20,000-ஐ 50,000 ஆக்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் சேர்த்தது. நீங்கள் குறைக்கக் கேட்டுப் போகும் அதே 25(2)-இல் அவர்கள் கூட்டவும் கேட்கலாம். கணவருக்கு வேறு வருமானம் இருந்தால் யோசித்து மனு போடுங்கள்.

தெருவிளக்கு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவில் 5,000-க்கு இன்னொரு உத்தரவும் இருக்கிறது. 25-இன் மனுவிலேயே இரண்டையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லலாமா?

கோப்புக்கட்டு: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு உத்தரவு இருந்தால் ஒன்றில் கொடுத்ததை மற்றதில் கழிக்கலாம், ஆனால் முந்தைய உத்தரவைக் கோர்ட்டில் தெரிவித்திருக்க வேண்டும். எந்த உத்தரவை மாற்ற வேண்டுமோ அது அந்த நடவடிக்கையிலேயே நடக்க வேண்டும் என்பதும் ரஜ்னேஷ் தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே 5,000-க்கு அந்த எம்.சி. (ஜீவனாம்ச) வழக்கு எண்ணில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 146-இன் கீழ் தனி மனு.

125 நிலுவைக்கு (இப்போது 144) வாரன்ட் வரும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை, இருந்து வந்தாலும் கடன் தீராது. 25-இன் தொகைக்கு நிறைவேற்றல் மனு போட்டால் சம்பள ஜப்தி. ஜீவனாம்ச டிகிரிக்கு (கோர்ட் தீர்ப்பாணைக்கு) சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஜப்திக்குத் தப்பும். சாதாரணக் கடன் டிகிரி போல நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டு மனுவும் தயாராகும்வரை பழைய தொகையை முழுதாக, வங்கி வழியாகவே அனுப்புங்கள். கையில் கொடுத்ததற்கு ரசீது கேட்டு எவரும் ஜெயித்ததில்லை.