மறு: பேட்ச் டெஸ்ட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பொருளைத் தோலில் ஒட்டி வைத்து, அது ஒவ்வாமையை உண்டாக்குகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளில் "தோல் ஒட்டுச் சோதனை"க்குத்தான் ஆதரவு அதிகம் தெரிகிறது. எனக்கு அதில் ஒரு தடை இருக்கிறது. தீக்காயம் பட்டவருக்குத் தொடையிலிருந்து தோலை எடுத்து வேறிடத்தில் வைப்பதைத் தோல் ஒட்டு என்றுதான் எழுதுகிறார்கள். கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணாகி வந்த பெண்ணிடம் "உங்களுக்குத் தோல் ஒட்டுச் சோதனை செய்யணும்மா" என்றால் அவர் ஏதோ அறுவை சிகிச்சை என்று பயந்துவிடுவார். இரண்டும் ஒரே மருத்துவமனையில் நடக்கிற வேலைகள், அதனால் இந்தக் குழப்பத்தை லேசாக விடக் கூடாது.

"ஊசிச் சோதனை"யும் சரிவராது. தோலில் மெல்லக் குத்திவிட்டு 15, 20 நிமிடத்தில் தடிப்பு வருகிறதா என்று பார்க்கும் சோதனை வேறு. தும்மல், இளைப்பு மாதிரி உடனே வரும் ஒவ்வாமைக்கு உரியது அது. நிக்கல், கோபால்ட், குரோமியம் தோலில் பட்டு வருவது தாமத ஒவ்வாமை, டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் வழியாக மெதுவாக வெளிப்படுவது. இதில் ஊசியே கிடையாது. சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்களில், பெரும்பாலும் அலுமினியத்தில், ஒவ்வொரு பொருளையும் வாசலினில் கலந்து வைத்து மேல்முதுகில் வரிசையாக ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மறுபடி, உலோகம் என்றால் ஏழாம் நாள் இன்னொரு முறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிலருக்கு அவ்வளவு தாமதமாகத்தான் தெரியும். முதுகு நனையக் கூடாது, வியர்வையில் ஒட்டு கழன்றுவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் இதுதான் பெரும்பாடு.

ஆகவே என் பரிந்துரை: ஒட்டுவில்லைச் சோதனை. வட்டமாகவும் சிறிதாகவும் இருப்பதை வில்லை என்பது வழக்கம்தான். முதுகில் என்ன நடக்கிறதோ அதை இந்தச் சொல் அப்படியே காட்டுகிறது. ஜெர்மானியத் தோல் மருத்துவர் யாடசோன் 1895இல் பாதரசத்துக்காகச் செய்துகாட்டிய முறைதான் இன்றும் அடிப்படை, பொருளைத் தோலில் ஒட்டி வைத்துக் காத்திருந்து பார்ப்பது. அதனால் இந்தப் பெயர் சீக்கிரம் பழசாகிப் போகாது. "பட்டைச் சோதனை" எனக்குப் பிடிக்கவில்லை, கேட்டவுடன் மரப்பட்டையும் மசாலாப் பட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன.

இனி ஸ்கிரீனிங், அதாவது யாருக்கு உலோக ஒவ்வாமை இருக்கலாம் என்று முன்கூட்டியே கண்டறிவது. "உலோக ஒவ்வாமைத் திரையிடல்" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம், திரையிடல் என்றால் படம் காட்டுவது என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். அதைவிட முக்கியம், இங்கே இரண்டு படிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் நோயாளிக்குத்தான் நட்டம். முதல் படி வெறும் கேள்வி. கவரிங் போட்டால் அரிக்குமா, கைக்கடிகாரத்தின் பின்பக்கம் படும் இடம் கறுக்குமா, ஜீன்ஸ் பொத்தான் உரசும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே சொறி வருமா, கொத்தனார் வேலை பார்ப்பவர் என்றால் சிமெண்ட் பட்டுக் கை வெடிக்குமா (அது குரோமியத்தின் வேலை). இதை எல்லாரிடமும் கேட்கலாம், செலவே இல்லை. இதற்கு முன்விசாரிப்பு என்று வைக்கலாமே. டாக்டர் விசாரித்தார் என்று மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள்.

"ஆமாம், ஒத்துக்காது" என்று பதில் வந்தவர்களுக்கே ஒட்டுவில்லை. உலோகத்தால் ஆன செயற்கை மூட்டு வைக்கும் மூட்டு மாற்று அறுவைக்கு வரும் எல்லாருக்கும் அதைச் செய்ய வேண்டியதில்லை. தோலில் கோபால்ட் ஒவ்வாமை தெரிந்தாலே உள்ளே வைத்த மூட்டு கெட்டுவிடும் என்று முடிவுகட்ட முடியாது; அரிதாக, சோதனையே ஒருவருக்குப் புதிதாக ஒவ்வாமையை உண்டாக்கிவிடவும் கூடும். இரண்டையும் "பரிசோதனை" என்று பொதுவாக எழுதிவிட்டால், படிக்கிறவர் எனக்கும் முதுகில் ஒட்டணுமா என்று கவலைப்படுவார், அல்லது ஒட்டாமல் விட்டார்களே என்று சண்டைக்கு வருவார்.

முடிவைச் சொல்லும்போது "நேர்மறை" வேண்டாம். நல்ல செய்தி என்று நினைத்துவிடுவார்கள். "நிக்கல் ஒவ்வாமை தெரிகிறது" என்று நேராக எழுதலாம், ஒவ்வாமை எவ்வளவு கடுமை என்று காட்டும் பிளஸ் குறிகள் மருத்துவரின் கோப்போடு இருக்கட்டும்.

குழுவில் தோல் மருத்துவப் பிரிவில் பணிபுரிபவர்கள் யாராவது இருந்தால் இந்த இரண்டு சொற்களையும் நோயாளிகளிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். ஒட்டுவில்லைச் சோதனை நீளம் என்று தோன்றி, பேச்சில் "வில்லை டெஸ்ட்" என்று சுருங்கினாலும் எனக்குச் சம்மதமே.