ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்ட பிறகு கிளட்ச் பெடல் பாதி வரை வெறுமையாக இறங்குகிறது (ஹோண்டா சிவிக் 1.8)

காட்பாடி சிவிக்

வணக்கம். என்னிடம் இருப்பது 2008 சிவிக், 1.8 பெட்ரோல், 5 கியர் மேனுவல். வருடத்துக்கு இரண்டு முறை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவேன், நேரம் கிடைக்கும்போது ஏலகிரி ஏறுவேன். போன வருடம் கிளட்ச் தேய்ந்துபோனதும் கிளட்ச் தட்டை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்தம் கூடியதாகப் போட்டேன். தொல்லை அன்றிலிருந்துதான்.

காலையில் கியர் வெண்ணெய் மாதிரி விழும். கத்திரி வெயிலில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்தால் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் உரசும். பெடலை இரண்டு முறை அடித்து மிதித்தால் சரியாகிவிடும். கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கையைப் பெடல் மிதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு மிதிக்கும் ஹோஸ் உள்ளங்கையில் உப்பி அடங்குவது நன்றாகவே தெரிந்தது. சென்னையில் சொல்லி, மேலே ஸ்டீல் கம்பி பின்னிய டெஃப்லான் ஹோஸ் ஒன்று செய்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றினேன். இரும்புப் பைப்பின் நட்டுக்குப் பிரேக் பைப் ஸ்பேனர், ஹோஸை ஸ்லேவோடு இணைக்கும், நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர், எல்லாம் முறையாகத்தான் செய்தேன். தங்கை மிதித்துப் பிடிக்க, நான் ஸ்லேவில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட, நாற்பது தடவைக்கு மேல் ஏர் எடுத்தோம். டாட் 3 (கிளட்ச், பிரேக் எண்ணெய்) அரை லிட்டர் பாட்டில் பாதி காலி. கடைசிப் பத்து தடவையும் டியூபில் ஒரு குமிழி வரவில்லை.

ஆனாலும் பெடல் முன்னைவிட மோசம். முதல் பாதியில் காலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. கசிவு எங்கேயும் இல்லை. ஸ்லேவின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று அடிஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: 11 மி.மீ. பழைய ஹோஸைக் கழற்றுவதற்கு முன் அளந்து வைக்காதது என் தப்பு.

ஹோஸே சரியில்லையா, பெடல் பக்கம் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா? டாட் 5.1 ஊற்றினால் மாறுமா? படம் இணைத்திருக்கிறேன்.

ஆம்பூர் பைபாஸ்

மாஸ்டரை முதலில் பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, முதல் கியர் போட்டு, பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். வண்டி மெதுவாக முன்னே நகரப் பார்த்தால் மாஸ்டருக்குள் சீல் விட்டுவிட்டது, எண்ணெய் பின்பக்கம் ஒழுகி ரிசர்வாயருக்கே (எண்ணெய் டப்பாவுக்கே) திரும்பிப் போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. பழைய மாஸ்டரை வைத்துக்கொண்டு பெடலைத் தரை வரை நாற்பது தடவை மிதிக்கக் கூடாது. தினசரி ஓட்டத்தில் சீல் போகாத அடிப்பகுதியில் பல வருட அழுக்கும் துருவும் படிந்திருக்கும். சீல் அதன் மேல் உரசிக் கிழிந்துவிடும். நல்லாயிருந்த என் மாஸ்டரை நானே பிளீடிங் (ஏர் எடுப்பது) செய்து கெடுத்தேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, மிதி தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி சிவிக்

நன்றி அண்ணா. இப்போதே செய்து பார்த்தேன். மூன்று நிமிடம் பிடித்தும் வண்டி அசையவில்லை. மிதித்த இடத்தில் பெடல் நிற்கிறது. மேல்பாதிதான் வெறுமை.

ராணிப்பேட்டை ஃபிட்டர்

தம்பி, உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதில் அதிலேயே இருக்கிறது.

நான் சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஈரத்தோலைப் பிழியும் மெஷின், தோலுக்கு அச்சுப் பதிக்கும் பிரஸ், எல்லாமே ஹைட்ராலிக். புது ஹோஸ் போட்ட மறுநாள் "பிரஸ் சரியா அமுக்கல" என்று ஆள் வந்து நின்றால் நான் பம்ப்பைப் பார்க்க மாட்டேன். ஹோஸ் எந்த இடத்தில் மேலே வளைகிறது என்றுதான் பார்ப்பேன்.

உன் புது ஹோஸ் பழையதைவிட 4, 5 சென்டிமீட்டர் நீளம். அந்த உபரி நீளம் ஸ்லேவுக்கு முன்னால் ஒட்டக முதுகு மாதிரி மேலே எழும்பி, பிறகு இறங்கி ஸ்லேவுக்குள் போகிறது. காற்று மேட்டில்தான் உட்காரும். நிப்பிள் அதைவிடக் கீழே இருக்கிறது. பெடல் ஒரு மிதிக்குத் தள்ளும் எண்ணெய் கொஞ்சம்தான், அந்த வேகத்துக்குக் குமிழி மேட்டை விட்டு இறங்காது. எண்ணெய் அதற்கு அடியால் வழிந்து போய்விடும். நிப்பிளில் குமிழி வராதது காற்று தீர்ந்ததால் அல்ல, காற்று அங்கே வரவே இல்லை என்பதால்.

எவ்வளவு காற்று இதைச் செய்யும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாஸ்டர் 5/8 அங்குலம், ஸ்லேவ் 3/4 அங்குலம் என்று வைத்துக்கொள். மாஸ்டரின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர செ.மீ. அது 25 மி.மீ. நகர்ந்தால் வெளியே போவது 5 மில்லி எண்ணெய். ஸ்லேவின் பரப்பு 2.85 சதுர செ.மீ. என்பதால் தள்ளுகம்பி 17 மி.மீ. சொச்சம் நகரும். லைனுக்குள் அரை மில்லி காற்று இருந்தால் அழுத்தத்தில் அது சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும், அந்த அரை மில்லி எண்ணெய் ஸ்லேவை எட்டாது. கம்பியில் 1.75 மி.மீ. நஷ்டம். கிளட்ச் விடுபடுவதற்கும் உரசுவதற்கும் நடுவில் இருப்பதே ஓரிரு மில்லிமீட்டர்தான்.

ரப்பர் ஹோஸ் உப்பியதும் இதே கதைதான். நீ அழுத்தம் கூடிய பிளேட் போட்டாய், லைனில் அழுத்தம் கூடியது, வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ரப்பர் இளகியது, எண்ணெயின் ஒரு பங்கை ஹோஸே வாங்கிக்கொண்டது. அதை மாற்றியது சரியான வேலை. பெடல் கனம் மட்டும் இதனால் குறையாது. கனத்தைத் தீர்மானிப்பது பிளேட்டும் இரண்டு சிலிண்டர்களின் அளவும்தான்.

செய்ய வேண்டியது இது. ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்று, ஹோஸைக் கழற்றாதே. தள்ளுகம்பியை முழுக்க உள்ளே அமுக்கி, பிஸ்டன் வெளியே வராதபடி மரத்துண்டு வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டு. கழற்றிய நிலையில் யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் தெறித்துவிடும். பிறகு ஸ்லேவைத் தூக்கு: ஹோஸின் மேட்டைவிட உயரத்தில், ரிசர்வாயரைவிடத் தாழ்வில், நிப்பிள் உச்சியில் இருக்கும்படி. நிப்பிளில் டியூப் மாட்டித் திறந்து விட்டுவிடு. மிதிக்கவே வேண்டாம், எண்ணெய் தன்னாலே இறங்கட்டும். ஹோஸை ஸ்க்ரூடிரைவர் பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வா. ரிசர்வாயர் வற்றாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பேன்ஜோவைக் கொஞ்சம் திருப்பி, ஹோஸ் மேடு இல்லாமல் படுத்துப் போகும்படி வை. எக்ஸாஸ்ட் பக்கம் சாயாமல், பின்னல் எதிலும் உரசாமல் பார். அந்தக் கம்பிப் பின்னல் அலுமினியத்தையே அரம் மாதிரி ராவிவிடும்.

வாஷரைப் பழையது போடாதே, இன்னொரு ஜோடி வாங்கு.

வாலாஜா டிராக்ஷன்

டாட் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். புது எண்ணெயின் கொதிநிலை குறைந்தபட்சம் டாட் 3-க்கு 205, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 140, 155, 180. மூன்றும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கான், பெயரைப் பார்த்து ஏமாந்து அதை ஊற்றிவிடாதீர்கள். காற்று மாட்டிய லைனுக்கு எந்த டாட்டும் மருந்தாகாது. டிராக்குக்குப் போவதால் டாட் 4 ஊற்றி, வருடம் ஒரு முறை மாற்றினால் போதும். "பிரேக் ஆயில்" என்று சொல்லிச் சொல்லியே சிலர் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். சீல் எல்லாம் ஊதிப் போய்விடும்.

காட்பாடி சிவிக்

ஃபிட்டர் அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

நேற்று காலை 6 மணிக்கு, வெயிலுக்கு முன்னாலேயே உட்கார்ந்தோம். ஸ்லேவைக் கட்டித் தூக்கிப் பிடித்தேன், தங்கை ரிசர்வாயர் பக்கம். முதல் ஐந்து நிமிடம் வெறும் எண்ணெய்தான், நம்பிக்கையே போய்விட்டது. அப்புறம் ஹோஸைத் தட்ட ஆரம்பித்ததும் டியூபில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரே குமிழி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் அம்மா பயந்து வெளியே ஓடி வந்துவிட்டார். அதன் பின்னால் கடுகு மாதிரி நாலைந்து. பிறகு கால் மணி நேரம் சுத்தமாக ஓடியது. ஸ்லேவை மாட்டி, பெடலுக்கு அடியில் கட்டை வைத்து, ஆறு மிதி மட்டும் பிளீட் செய்து நிறுத்திவிட்டோம். ஃபெண்டரில் ஒரு சொட்டு சிந்தியது. பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

தள்ளுகம்பி இப்போது 14 மி.மீ. நகர்கிறது. உங்கள் அளவை வைத்துப் பார்த்தால் 3 மி.மீ. என்பது 0.85 மில்லி. அந்தப் புளியங்கொட்டையும் கடுகும் அவ்வளவுதான் இருக்கும்.

மாலையில் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். ஒன்றில்கூட கியர் முரண்டு பிடிக்கவில்லை. பெடல் மேலிருந்து இரண்டு விரல்கடை இறங்கியதுமே காலுக்குப் பிடி கிடைக்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும், இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போதே ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை.

பழைய ரப்பர் ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே புதுசு போலத்தான் இருந்தது, உள்சுவரில், முனையை உலோகம் இறுக்கிப் பிடிக்கும் க்ரிம்ப் பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. ரிசர்வாயர் அடியில் படிந்திருந்த கருப்பும் அதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டை ஃபிட்டர்

சந்தோஷம் தம்பி. மிதிக்கு மேலே துளி ஃப்ரீ பிளே (எதையும் தள்ளாத வெற்று அசைவு) இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார். பெடல் உயரமாக வேண்டும் என்று மாஸ்டர் கம்பியை நீட்டி அதை இல்லாமல் செய்துவிடாதே. மாஸ்டரிலிருந்து எண்ணெய் ரிசர்வாயருக்குத் திரும்பும் துளை அடைபட்டு, சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் கிளட்ச் வழுக்கும். 500 கி.மீ. ஓடிய பிறகு பேன்ஜோவை விரலால் தடவிப் பார். ஈரம் இருந்தால் மேலும் இறுக்காதே, வாஷரை மாற்று.