காட்டுத்தீயின்போது அக்கம்பக்கத்து உறவு எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி: கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை 2018 நவம்பர் 8 அன்று அழித்த தீயில் 85 பேர் உயிரிழந்தனர், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அக்கம்பக்கத்தாரின் பழக்கம் இத்தகைய வேளையில் உண்மையிலேயே கைகொடுக்குமா?

மறுமொழி 1: நிச்சயமாகக் கைகொடுக்கும். அரசின் எச்சரிக்கை பலரை எட்டாத அந்தக் காலையில், கதவைத் தட்டி எழுப்பி, வண்டி இல்லாதவர்களைத் தம் காரில் ஏற்றிச் சென்ற அண்டை வீட்டார் பலர் உண்டு. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி 2: தீ மூள்வதற்கு முன்பே அந்த உறவு தேவை. காற்றில் பறந்து வரும் தீப்பொறி கூரையோரம் தேங்கிய பைன் சருகில் விழுந்தாலே வீடு பற்றிக்கொள்ளும். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும் தாவும். ஆகவே கோடைக்கு முன் எங்கள் தெருவினர் சேர்ந்தே சருகு வாருகிறோம்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. எதிர்வீட்டுப் பெரியவரின் தொலைபேசி எண்ணை இன்றே வாங்கிக்கொள்கிறேன்.