பாப்பாரப்பட்டி சிவா நினைவிடம் போய்வந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மொரப்பூரான்:

சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா யார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தர்மபுரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதித் தேறியவர்கள்தான். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே போய்விடுவேன்.

போன ஜூலை 23, அவருடைய நினைவு நாள். தர்மபுரியில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர். இரண்டு கைகளிலும் விரல்கள் பாதிப் பாதிதான் இருந்தன. உள்ளங்கைகளைச் சேர்த்து, நடுவில் இருபது ரூபாய் நாணயம் ஒன்றை இடுக்கிக் கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டர் வாங்கவில்லை. "சீட்டில் வையுங்கள், எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை, வழக்கமாகச் சொல்வதுபோல. பெரியவர் வைத்தார். வளைவில் பஸ் திரும்பியது. நாணயம் வழுக்கி விழுந்து, உருண்டு வந்து என் செருப்பை ஒட்டி நின்றது.

நான் குனியவில்லை. காலைத்தான் நகர்த்திக்கொண்டேன்.

அவரே எழுந்து வந்து, தரையில் நகத்தால் நெம்பப் பார்த்தார். அவருக்கு நெம்ப நகம் இல்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எடுத்துக் கொடுத்தான். இதெல்லாம் நடந்தபோது என் மடியில் மாலை இருந்தது. யாருக்கு? சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு 1912இல் வெளியே வந்தவருக்கு. ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால், நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவருக்கு. எங்கள் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இலேயே சின்ன ரயில் ஓடியது. 1913இல் அது ஓசூர் வரை போனது. அந்த ரயில் புகையை விட்டுக்கொண்டு போவதை அவர் சாலையோரம் நின்று பார்த்திருப்பார் என்று எத்தனையோ முறை நினைத்து உருகியிருக்கிறேன். உருகி என்ன?

மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நினைவிடத்தில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எதுவும் ஞாபகமில்லை.

ஓய்வு வாத்தியார்:

தம்பி, நீங்கள் காலைத்தான் நகர்த்தினீர்கள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

பெயர் வேண்டாம், பென்னாகரம் வட்டத்தில் ஒரு பள்ளி. ஆகஸ்ட் 15 பேச்சுப் போட்டிக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிவாவைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு வந்தாள். வத்தலக்குண்டில் 1884இல் பிறந்தது, தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு சேர்ந்து கோரல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியது, 'ஞானபாநு' பத்திரிகை, பாரதமாதாவுக்கு எல்லாரும் நுழையக்கூடிய ஒரு கோயில் கட்ட நினைத்து 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு பாப்பாரப்பட்டியில் அடிக்கல் நாட்டியது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் ஒரு வரி: "அவருக்குத் தொழுநோய் வந்தது. கைகால்களில் புண்." நான் அதை அடித்துவிட்டு மேலே "தீராத நோய்" என்று எழுதினேன். விழா மேடையில் புண் என்றெல்லாம் எதற்கு என்று தோன்றியது.

அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், எங்கள் தாத்தாவுக்குத் தீர்ந்துவிட்டதே?"

வகுப்பில் அவளும் நானும் மட்டும்தான். வெளியே கொடிக்கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "மணி அடிக்கப் போகிறது, போம்மா."

சையத் பாஷா மலை:

மனதைத் தொடும் கதைகள்தான். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலேயருக்கு எதிர்ப்பு என்றாலே 1908, சிவா, வ.உ.சி. என்று ஆரம்பிக்கிறீர்களே, எங்கள் கிருஷ்ணகிரி எங்கே போனது?

1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி இரவோடு இரவாக வந்து கீழ்க்கோட்டையைப் பிடித்தார். மேற்கோட்டையைத் தொட முடியவில்லை. திப்புவின் காவல்படை மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டது. ஏணிகளோடு ஏறியவர்கள் திரும்பி ஓடினார்கள். சண்டையில் விழாத கோட்டை மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஒரு கையெழுத்தில் போயிற்று. எங்கள் பகுதியான பாராமகால் மொத்தமும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போய், வரி போட ரீடும் மன்றோவும் வந்து இறங்கினார்கள்.

என் அனுபவம் சின்னதுதான். கல்லூரி நாட்களில் மலை ஏறினோம். மேல் மதிலருகே ஆடு மேய்க்கும் பையன் ஒருவன், விளையாட்டாக, தேங்காய் அளவு கல் ஒன்றைக் காலால் தள்ளினான். ஒரு தட்டல், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டல். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. விழுந்து முடிந்தது என்று நினைத்தபோது அடியில் எங்கோ மரக்கிளை முறியும் சத்தம். அந்த ஒன்றுமில்லாத இடைவெளிதான் எனக்கு இன்னும் கேட்கிறது. கீழே இருட்டில் நின்றவன் அந்த இடைவெளியில் என்ன நினைத்திருப்பான்?

கோர்ட் வாசல்:

கிருஷ்ணகிரி நண்பருக்கு: கல் உருண்டது சரி. ஆனால் அது ஒரு அரசரின் படை இன்னொரு படையோடு போட்ட சண்டை. சம்பளத்துக்கு நின்ற காவல்படை. சிவாவிடம் படையும் இல்லை, கோட்டையும் இல்லை, அடுத்த வேளைச் சோறும் இல்லை. வாய் மட்டும் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

"பேசியவர்தானே, குண்டு போட்டவரா, புரட்சிக்காரர் என்று எப்படிச் சொல்வது" என்று அடுத்து யாராவது கிளம்புவீர்கள். அதற்கும் இப்போதே பதில். கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட 1911 ஜூன் 17 அன்று சிவா சிறையில் இருந்தார். அவர் துப்பாக்கியைத் தொட்டவர் அல்லர். ஆனால் அந்தப் பேச்சைக் கண்டு அரசு எவ்வளவு மிரண்டது என்பதற்குத் தீர்ப்பே சாட்சி. 1908 ஜூலை 7, நீதிபதி பின்ஹே. சிவாவுக்குப் பத்து ஆண்டு. வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்கு இருபது ஆண்டு, சிவாவுக்கு இடமும் உணவும் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இன்னும் இருபது. மேல்முறையீட்டில் குறைந்தது என்பது வேறு கதை.

இதை ஒருநாள் தர்மபுரியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். மேல் குவளையிலிருந்து டீ முழுவதும் கீழ்க்குவளைக்கு வந்து முடிந்தும் கை இறங்கவில்லை. "சோறு போட்டதற்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் எனக்கு எத்தனை வருஷம் போடுவான், இவ்வளவு பேருக்குக் கடன் டீ கொடுத்திருக்கிறேனே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முப்பது வருடம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தும் எனக்கு உறைக்காத தீர்ப்பு அன்றைக்குத்தான் உறைத்தது.

சையத் பாஷா மலை:

சம்பளத்துக்கு நின்றவன் உயிர் உயிரில்லையா?

கிராம செவிலி:

நான் இதற்குள் வர வேண்டாம் என்றுதான் இருந்தேன். நினைவிடத்துக்கு ஒரே ஒருமுறை போனேன், அதுவும் முகாம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பத்து நிமிடம். அங்கே ஓர் அம்மா தன் பிள்ளையிடம், "ஜெயிலில் ஆட்டு மயிரைச் சுத்தம் செய்ததால் இவருக்கு இந்த நோய் வந்தது, அதனால் ஆட்டைத் தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை தலையாட்டியது. நான் திருத்தவில்லை, பஸ் வந்துவிட்டது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பளி வேலையை அவருக்குச் சிறையில் கொடுத்தார்கள், கொடுமைதான், தோல் வெந்து புண்ணாகும் வேலை. தொழுநோய் மட்டும் ஆட்டு மயிரிலிருந்து வருவதில்லை. அது ஒரு கிருமி. 1873இல் நார்வேயில் ஹேன்சன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால், மூச்சுவழித் துளிகள் மூலம் பரவும். ஒரு நாணயத்தை வாங்கினால் பரவாது, மொரப்பூர் அண்ணா. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பரவாது. பெரும்பாலானவர்களுக்கு உடம்பிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. உள்ளே போன கிருமி வெளியே தெரிய ஐந்து வருடமும் ஆகலாம், இருபது வருடமும் ஆகலாம்.

வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை, வியர்வை இல்லை என்றால் அழகு நிலையத்துக்குப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ஆறு மாதம், அல்லது பன்னிரண்டு மாதம், கூட்டு மருந்து. பணம் வாங்க மாட்டார்கள். முதல் சில வேளை மருந்திலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் என்றோ குணமானவர்கள். விரல் திரும்பி வராது, அவ்வளவுதான். உணர்ச்சி இல்லாத கை என்பதால் சூடு தெரியாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் டம்ளரைத் துணி சுற்றிக் கொடுங்கள், ராத்திரி பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள், பழைய டயர் செருப்பு வேண்டாம், அதற்கென்று மெத்தென்ற செருப்பு இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். வாத்தியார் ஐயா, "தீராத நோய்" என்று எழுதியது இலக்கணப் பிழையைவிடப் பெரிய பிழை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயாளிகளை அடைத்துவைக்க 1898இல் போட்ட சட்டத்தை நீக்கவே நமக்கு 2016 வரை ஆகியிருக்கிறது.

மொரப்பூரான்:

அம்மா, அனுபவம் கேட்டால் முகாமே நடத்திவிட்டீர்கள். நன்றி. பரவும் என்று பயந்து நான் காலை நகர்த்தவில்லை என்பதுதான் சிக்கல். பரவாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

கோர்ட் வாசல்:

வாத்தியார், அந்தப் பெண் மேடையில் எதைச் சொன்னாள்? நீங்கள் எழுதியதையா, அவள் எழுதியதையா?

ஓய்வு வாத்தியார்:

இரண்டையும் இல்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு, "1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் காலமானார், அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயதுகூட நிறையவில்லை" என்று முடித்து இறங்கிவிட்டாள். மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் கிண்ணம். முதல் பரிசு கட்டபொம்மனைப் பற்றிப் பேசிய பையனுக்கு. அந்தப் பேச்சு முழுக்க நான் எழுதிக் கொடுத்தது.