இரண்டரை வயதுக் குதிரையை நானே பழக்கலாமா?

கேள்வி:
வணக்கம். சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் கத்தியவார் இன ஆண் குட்டி ஒன்றை வாங்கினேன். இரண்டரை வயது என்று விற்றவர் சொன்னார். சுழி பார்த்துத்தான் வாங்கினோம். சுழியில் குறையில்லை, குறையெல்லாம் குணத்தில்தான் இருக்கிறது. மாடு பிடித்துப் பழகிய எனக்கு இதுவே முதல் குதிரை. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தினால் பத்தடி வந்ததும் காலை ஊன்றி நின்றுவிடுகிறது. இழுத்தால் தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறது. கயிறு உள்ளங்கையை அறுப்பதால் நான் விட்டுவிடுகிறேன். வெல்லம் காட்டினால் வருகிறது, ஆனால் இப்போது கையில் வெல்லம் இல்லாத நாளில் சட்டைக்கையைக் கடிக்கிறது. பொங்கலுக்குள் ஏறிப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் பதில்:
உங்கள் குதிரை நன்றாகவே பாடம் படித்திருக்கிறது, கற்றுக்கொடுத்தவர் நீங்கள். கயிறு இறுகுவதிலிருந்து குதிரை எதையும் கற்பதில்லை. அது தளரும் கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே சரியென்று எடுத்துக்கொள்கிறது. தலையைத் தூக்கிப் பின்வாங்கும்போது நீங்கள் கயிற்றை விட்டதால், அதுதான் நீங்கள் கேட்டது என்று நினைத்துவிட்டது.

முகத்துக்கு நேரே நின்று இழுக்காதீர்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. இடது தோளருகே நின்று, கயிற்றில் இலேசான இறுக்கம் கொடுத்துக் காத்திருங்கள். அடி எடுத்து வைக்கும் வரைகூட வேண்டாம், முன்காலின் பாரம் சற்று முன்னோக்கிச் சாய்ந்தாலே உடனே தளர்த்திவிடுங்கள். பின்வாங்கினால் எதிர்த்து இழுக்காமல், அதே இறுக்கத்தோடு நீங்களும் கூடவே நடந்து, அது நின்றதும் விடுங்கள். அதற்குப் பன்னிரண்டு அடிக் கயிறாவது வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பொங்கல் கணக்கை அவர் கண்டுகொள்ளாமல் விட்டது சரியில்லை. முதலில் வாயைத் திறந்து பாருங்கள். நடு முன்பற்கள் சுமார் இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். நடுப்பல்லே இன்னும் பால்பல்லாக இருந்தால், சந்தையில் வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும் என்பதால், இந்த வயதில் ஆள் ஏறுவது பிற்காலத்தில் முதுகுவலியாகத் திரும்பி வரலாம். அதுவரை நீங்கள் வயதான, நிதானமான வேறொரு குதிரையில் ஏறிப் பழகுங்கள். ஏறத் தெரியாதவரும் ஏற்றத் தெரியாத குதிரையும் ஒன்றாகக் கற்பது இருவருக்குமே ஆபத்து.

வெல்லத்தைக் கையில் கொடுக்காமல் தீவனத் தொட்டியில் போடுங்கள். கொள்ளை அள்ளிப் போட்டுவிட்டு நாள் முழுதும் கொட்டகையில் கட்டி வைத்தால் எந்தக் குட்டியும் துள்ளத்தான் செய்யும்; குணம் கெட்டது என்று சொல்வதற்கு முன் காலாற நடக்க விடுகிறீர்களா என்று பாருங்கள். ஆண் குட்டி என்பதால் காயடிப்பது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நடுப்பற்கள் இரண்டும் பால்பற்களே. பொங்கல் ஆசையை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள், முன்காலின் பாரம் மாறிய உடனே கயிற்றைத் தளர்த்தினேன். தலையைத் தாழ்த்தி, காதை என் பக்கம் திருப்பி நின்றது. ஒன்பதாம் நாளில் கொட்டகையிலிருந்து கிணறு வரை கயிறு தொய்ந்தபடியே வந்தது. ஆனால் வலப்பக்கம் போய் நின்றால் ஏதும் அறியாதது போல முழிக்கிறது. மறந்துவிட்டதா?

முதல் பதிலைத் தந்தவர்:
மறக்கவில்லை, அந்தப் பக்கத்தில் இன்னும் கற்கவேயில்லை. ஒரு பக்கத்தில் பழகியது மறுபக்கத்துக்குத் தானாக வந்துவிடாது. வலது தோளருகே நின்று முதல் நாள் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்த முறை ஒன்பது நாள் ஆகாது.