மாத்மேன்: அந்தச் சிவப்புக் கண்ணை இங்கே காட்ட முடியுமா?

கெடிலக்கரை:
கடலூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அமெரிக்காவில் பேசப்படும் இறக்கை முளைத்த விசித்திர உருவமான மாத்மேன் கதை சொல்ல இருக்கிறோம். 1966 நவம்பர் 15 இரவு, மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளசன்ட் ஊருக்கு வெளியே, பழைய வெடிமருந்து ஆலைப் பக்கம் காரில் போன இரண்டு ஜோடிகள் பார்த்தது: ஆறேழு அடி உருவம், இறக்கை, வெளிச்சம் பட்டதும் ஜொலித்த சிவப்புக் கண். அந்தக் கண்ணை நேரில் காட்ட முடியுமா? தோப்பில் டார்ச் அடித்தால் ஒன்றும் தெரிவதில்லை. அடுத்த ஆண்டு அங்கே பாலம் விழுந்ததையும் மாத்மேனோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அதை எப்படிச் சொல்வது?

முந்திரித்தோப்பு:
டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் தெரியவே தெரியாது. கண்ணில் பட்ட ஒளி வந்த வழியேதான் திரும்பும். நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடியுங்கள். தலையில் மாட்டும் லைட் என்றால் இன்னும் நல்லது. இருட்டி அரை மணி கழித்து, மண்பாதையில் பக்கி என்ற இராப்பறவை உட்கார்ந்திருக்கும். நாற்பதடி தள்ளி நின்று பார்த்தால் கங்கு மாதிரி ஒரு செம்புள்ளி, உடம்பு தெரியாது. பச்சையாகப் பொடிசாக மின்னினால் அது சிலந்தி. "எவ்வளவு பெரிசு?" என்று அங்கேயே பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள், பிறகு கிட்டே போங்கள். பக்கி ஒரு சாண்தான். இருட்டில் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாததால் அளவு ஊதிப் போகும். பாம்பு நடமாடும் நேரம், எல்லோருக்கும் ஷூ கட்டாயம். சில நொடிக்கு மேல் பறவைமேல் வெளிச்சம் வேண்டாம்.

பாகூர் ஏரி:
அப்போது பல்கலைக்கழக உயிரியலாளர் ராபர்ட் ஸ்மித், அது வழி தவறி வந்த சாண்ட்ஹில் கொக்கு என்றார். இறக்கை விரித்தால் ஏழடி வரும், சரிதான். ஆனால் அதன் சிவப்பு நெற்றித் தோலில் இருக்கிறது, தோல் ஒளிராது. பெரிய ஆந்தை என்பவர்கள் பக்கமே நான்.

இரும்புவேலை:
பாலத்தைக் கதையோடு கட்டாதீர்கள். 46 உயிர் போன விஷயம், காரணமும் தெரிந்த விஷயம். 1928இல் கட்டிய சில்வர் பிரிட்ஜ் 1967 டிசம்பர் 15 மாலை ஓஹையோ ஆற்றில் விழுந்தது. பாலத்தைத் தொங்கவிட்டுத் தாங்கியது, கம்பிவடத்துக்குப் பதில், முனையில் துளையிட்ட எஃகுப் பட்டைகளை முளையால் கோத்த சங்கிலி. கண்ணிக்கு இரண்டே பட்டை. ஒரு பட்டையின் துளையோரம் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு அரிப்பு விரிசல். மூட்டைக் கழற்றாமல் அதைப் பார்க்க வழியில்லை. அந்தப் பட்டை அறுந்ததும் ஜோடிப் பட்டை முளையிலிருந்து நழுவியது, மொத்தப் பாலமும் போயிற்று.

கெடிலக்கரை:
சைக்கிள் செயினில் செய்து காட்டலாமா?

இரும்புவேலை:
தாராளமாக. ஒரு கண்ணியின் வெளித்தகட்டில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, இரண்டு முனையையும் இழுக்கச் சொல்லுங்கள். முளை சாய்ந்து மறுபக்கமும் கழன்று வரும். பழைய செயினாகப் பாருங்கள், துருப்பிடித்து இறுகியது வேண்டாம்.