புதுப்பிப்பு: அம்மா அப்பாவின் கப்பல் பயணம், பதிவு செய்தாச்சு

அம்மா அப்பாவின் 40ஆவது திருமண நாளுக்குச் சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம். இப்போதே பதிவு செய்வதா, கடைசி நேரச் சலுகைக்குக் காத்திருப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பத்து மாதம் இருக்கும்போதே நேற்று பதிவு செய்துவிட்டோம்.

முடிவு செய்ய வைத்தது அறைதான். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோய்விடுவார். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அப்படிப்பட்ட அறையைப் பார்த்துப் பிடிக்க முந்திக்கொள்ள வேண்டும். அப்பா தள வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, லிஃப்டுக்குப் பக்கத்து அறையைப் பேனாவால் வட்டமிட்டார்.

சரி, கட்டணம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் கப்பல் நிறுவனங்கள் சலுகைகளை அதிகம் அறிவிக்கும். முழுப் பணம் கட்டும் கெடுவுக்குள் விலை இறங்கினால், கேட்டால் குறைத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. அதனால் வாராவாரம் பார்க்கப்போகிறேன். விளம்பர விலையில் துறைமுக வரியும் ஊழியர் டிப்ஸும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கடைசி நேரச் சலுகை துறைமுக ஊர்க்காரர்களுக்குச் சரி. சேலத்திலிருந்து திருச்சி போய் விமானம் ஏறும் நமக்கு, மிச்சமாகும் பணம் கடைசி நேர விமான டிக்கெட்டிலேயே போய்விடும். அப்புறம், கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே சிங்கப்பூர் போய்விடுவோம். அடுத்த வேலை விசா.